கூப்பிடாத வாசல்

அறுபத்தாறு வயதில் பக்கிரிசாமிக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. அதை அவர் மனைவி இராஜம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவர்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்கும்படி சிரிப்பாள். கிள்ளானில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருந்தது. அவருடைய சிநேகிதர் வாசு, மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அதற்குள் போவார். அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று ஒரு நாளாவது வாசு தன்னைப் பார்த்து, "உள்ள வாடா" என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்தச் சபைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் சுருக்கமாக லாட்ஜ் என்பார்கள்; தங்கும் விடுதி இல்லை, உறுப்பினர்கள் மட்டும் கூடுகிற சபை. அந்தத் தெரு மலாய்க்காரர்கள் அந்த நாளிலிருந்தே அதை ரூமா ஹந்து என்றார்கள், அதாவது பேய் வீடு. இராஜம்மாவிடம் இன்னும் விவரமான தகவல் இருந்தது. "உள்ள ஆட்டுத் தலைய வச்சுக் கும்புடுறாங்களாம். சுத்திலும் மெழுகுவத்தியாம். புனிதா சொன்னா." புனிதா அவளுக்கு வாட்ஸாப்பில் வரும் சகல விஷயங்களுக்கும் பொறுப்பு. மனுசன் எதைப் பூட்டி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் அதற்குள் ஓர் ஆட்டுத் தலையை வைத்துவிடுவான்.

பக்கிரிசாமி பதினெட்டு வருஷமாக அந்தக் கட்டடத்துக்கு எதிரே, கெத்தாப்பாங் என்கிற நாட்டு வாதுமை மரத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தவர். அவருக்குத் தெரிந்தவரை ஆடு எதுவும் வரவில்லை. வந்தவர்கள் மனுசர்கள்தான். ஒரு சிங் டாக்டர், மூன்று நான்கு சீனர்கள், ஒரு யூரேசியக் கிழவர், சேலை விற்றுக் கடை வைத்த ஒரு குஜராத்திக்காரர், தமிழர்கள் இரண்டு பேர். எல்லார் கையிலும் தட்டையான ஒரு கறுப்புப் பெட்டி. சரியாக மூன்று மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே மூன்று தடவை தட்டும் சத்தம். அப்புறம் ஒரு பாட்டு, ராகம் தெரியும், வார்த்தை தெரியாது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. ஆறு மணிக்குச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தக் கையைத்தான் பக்கிரிசாமி பார்ப்பார்.

அவரும் வாசுவும் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பக்கிரிசாமிக்குப் படிப்பு நின்றுபோனது. லோரியில் ஏறினார், பிறகு டாக்சி. வாசு படித்து, அறிவியல் வாத்தியாராகி, தலைமையாசிரியராகவும் ஆனார். அதனால் சிநேகிதம் முறியவில்லை. கல்யாணம், காது குத்து, சாவு எல்லாவற்றிலும் ஒன்றாகவே நின்றார்கள். வாசுவின் மனைவி தனலெட்சுமி போனபோது பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் பக்கிரிசாமி. அதற்கு அடுத்த வருஷம்தான் வாசு லாட்ஜில் சேர்ந்தார். அதே வருஷம் ஒரு கண்ணில் பார்வை குறைந்து, ஹைவேயில் காரோட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான் இருக்கேன்ல, ஏத்தி எறக்குறதுக்கு" என்றார் பக்கிரிசாமி. அப்படி ஆரம்பித்தது.

காரில் இருவரும் பேசாத விஷயம் கிடையாது. பிள்ளைகள், மூட்டு வலி, கட்சிகள், கத்தரிக்காய் விலை. கிள்ளானை நெருங்கி ஷா ஆலம் தாண்டும்போது மட்டும் பேச்சு ஒருமாதிரி மெலியும். சபைக்குள் நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்று பக்கிரிசாமிக்குத் தெரியும். தெரிந்ததால் கேட்கவே மாட்டார். அடுத்தவர் அடுப்படியில் எட்டிப் பார்க்கிற பழக்கம் அவர் வம்சத்திலேயே இல்லை.

வாசு சில நேரம் ஆரம்பிப்பார். "ஏண்டா பக்கிரி, இத்தனை வருசமா வெளிய உக்காந்திருக்கியே, உள்ள என்னதான் நடக்குதுன்னு உனக்குத் தோணுறதே இல்லியா?"

"எனக்கெதுக்குடா அதெல்லாம்" என்பார் பக்கிரிசாமி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் வீடுகளில் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை யார் சரி என்று சொல்கிறார்கள்? "இல்ல, இப்பதான் சாப்ட்டு வரேன்" என்போம். இரண்டாவது தடவை, "இருக்கட்டும், பரவால்ல" என்போம். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் இலையில் உட்காருவோம். அதுதான் மரியாதை. பக்கிரிசாமி சொன்ன "எனக்கெதுக்கு" அந்த ரகம். இன்னொரு தடவை கேள் என்று அதற்கு அர்த்தம். ஆனால் வாசு இன்னொரு தடவை கேட்கவே மாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பக்கிரிசாமிக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். டாக்டரும் வக்கீலும் உட்காருகிற இடம், டாக்சிக்காரன் எதற்கு என்று நினைத்திருப்பான், நியாயம்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வார். சமாதானம் கிள்ளான் பாலம் வரைகூட நிற்காது.

கூப்பிடாத இடத்துக்குப் போகாதவர் என்பதில் அவருக்கு ஒரு வீம்பும் உண்டு. சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்கு, பத்திரிகையை வீட்டுக்கு வந்து கையில் தராமல் போனில் அனுப்பினார்கள் என்பதற்காகவே போகாதவர். சாமி விஷயத்திலும் அப்படியே. இராஜம்மா இருபத்திரண்டு வருஷமாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறாள். பத்துமலைப் படிக்கட்டின் கீழே அவளுடைய செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு நிற்பவர் பக்கிரிசாமி. "நீங்களும் ஏறி வாங்களேன்" என்பாள். "முருகன் கூப்புட்டாத்தான் போக முடியும். எனக்கு இன்னும் கூப்புடல" என்பார். வேடிக்கைக்குச் சொல்வதில்லை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் முழுக்க, கனவில் ஏதாவது வருமா என்று நிஜமாகவே எதிர்பார்த்துப் படுப்பார். ஒரு மயில் வந்தால்கூடப் போதும். வராது. ஒரு வருஷம் கனவில் பழைய லோரி முதலாளி வந்தார்.

இப்படி மேலே ஒருவனும் கீழே ஒருவனும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்ததிலேயே அவருக்கு வயசாகிவிட்டது.

அக்டோபரில் ஒரு நாள் வாசு சொன்னார். அவருக்கு இருந்த நல்ல கண்ணும் மங்க ஆரம்பித்துவிட்டது. பெர்த்தில் இருக்கும் மகள் ஷாமினி, அப்பாவைத் தனியாக விட முடியாது என்று பிடிவாதமாக நின்று விசா எடுத்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை விமானம். திரும்பி வருகிற யோசனை இல்லை. "இந்தச் சனிக்கிழமைதான் லாட்ஜுக்குக் கடைசி" என்றார்.

பக்கிரிசாமி அன்றிரவு சட்டைகளைப் புரட்டினார். இருந்ததிலேயே நல்ல வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். கடைசி நாளல்லவா. கடைசி நாளிலாவது கூப்பிடாமல் இருப்பானா? கூப்பிட்டால் மூன்று தடவைக்கெல்லாம் காத்திருப்பதில்லை, முதல் தடவையே சரியென்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். கறுப்புக் காலணிக்குப் பாலிஷ்கூடப் போட்டார். "காரோட்டத்தானே போறீங்க, பொண்ணு பாக்கவா?" என்று இராஜம்மா கேட்டாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வாசுவை ஏற்றிக்கொண்டார். வாசு சட்டையைக் கவனிக்கவில்லை, அல்லது கண் தெரியவில்லை. ஃபெடரல் ஹைவேயில் வாசு ஒரு தடவை, "எங்கிட்ட எதாவது கேக்கணும்னா இப்ப கேட்டுக்கடா பக்கிரி" என்றார். அந்தக் குரலில் என்னவோ இருந்தது.

"என்னத்தக் கேக்குறது? போய் நல்லபடியா இரு, போன் பண்ணு" என்றார் பக்கிரிசாமி.

வாசு தலையாட்டினார். கெத்தாப்பாங் மரத்தடியில் கார் நின்றது. வாசு பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவைச் சாத்தாமல் ஒரு நிமிஷம் நின்றார். பக்கிரிசாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பார்த்தால் ஆசை முகத்தில் தெரிந்துவிடும். கார்க் கதவு மூடிக்கொண்டது. வாசு தடவித் தடவிப் படியேறி உள்ளே போனார். மூன்று மணிக்குக் கட்டடத்தின் கதவும் மூடிக்கொண்டது. தட்டும் சத்தம் மூன்று தடவை கேட்டது. பக்கிரிசாமி தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டார். அழுகை வரும்போல இருந்தது. அறுபத்தாறு வயதுக்காரன் காருக்குள் உட்கார்ந்து இதற்கா அழுவது என்று வெட்கமாகவும் இருந்தது.

மூன்றரைக்கு மழை பிடித்தது. கிள்ளான் மழைக்கு நாகரிகம் தெரியாது. பத்து நிமிஷத்தில் மரத்தடியில் தண்ணீர் டயர் பாதி ஏறியது. காரை மேடான இடத்தில் விட்டுவிட்டுப் பக்கிரிசாமி ஓடினார். ஒதுங்க இருந்த ஒரே இடம் லாட்ஜின் முன் தாழ்வாரம்தான்.

அங்கே கதவுக்கு வெளியே ஞானராஜ் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர், கிள்ளான் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சபையில் அவருக்குக் கதவுக் காவல். கோட்டு, டை, வெள்ளைக் கையுறை, மடியில் ஓர் உருவிய வாள். முனியாண்டியைக் கோட்டு மாட்டி நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தார். பதினெட்டு வருஷமாக இருவரும் தூரத்திலிருந்து தலையாட்டியதோடு சரி.

"வாங்க தம்பி, நனையாதீங்க லா. உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். வாளைச் சுவரில் சாய்த்துவிட்டு பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

ஞானராஜ், "வாசு சார் போறது எங்களுக்குப் பெரிய கஷ்டம்" என்றார். "உங்களப் பத்திதான் எப்பவும் பேசுவாரு."

"என்னப் பத்தியா?"

"ஆமா. பக்கிரிக்கு மட்டும் விருப்பம் இருந்தா இவ்வளவு வருசத்துல எவ்வளவு நல்லா இருந்திருக்கும்னு சொல்லுவாரு. பாவம், உங்களுக்குத்தான் இதுல இஷ்டமில்ல."

பக்கிரிசாமி தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "எனக்கு இஷ்டமில்லன்னு யாரு சொன்னா? அவன் கூப்பிடவே இல்லியே அண்ணே."

ஞானராஜ் அவரை விநோதமாகப் பார்த்தார். "கூப்பிட மாட்டாரே தம்பி. கூப்பிடக்கூடாது. எங்க சபையில அதான் முதல் சட்டம். பெத்த மகனா இருந்தாலும் வான்னு சொல்லக்கூடாது. வர்றவர் தானா வாயத் தொறந்து கேக்கணும். கேட்டாத்தான் நாங்க பேச முடியும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. யார் சொல்வார்கள்? கேட்டால்தானே சொல்வார்கள்.

உலகத்தில் எத்தனையோ கதவுகள் இருக்க, கூப்பிடாமல் போகவே மாட்டேன் என்ற வீம்புக்காரனை, கூப்பிடவே கூடாது என்ற கதவுக்கு முன்னால் கொண்டுபோய் பதினெட்டு வருஷம் நிறுத்தி வைத்தவனை என்ன சொல்ல? பக்கிரிசாமிக்கு முருகன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு தன் மேல் வந்தது. "எனக்கெதுக்குடா" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், சொன்ன இடம், சிக்னல், மழையா வெயிலா என்பது வரை ஞாபகம் வந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? உள்ள சாமி கும்புடுவீங்களா? வாசு கோயிலுக்கே போறதில்ல. தனலெட்சுமி போனதிலேர்ந்து திருநீறுகூட வைக்கிறதில்ல."

"மதம் பேசக்கூடாது உள்ள. சண்டை வரும்ல. ஆனா கடவுள் இருக்கார்னு நம்பாதவங்கள நாங்க சேக்குறதில்ல. அவங்கவங்க வேதத்து மேல கை வச்சு சத்தியம் பண்ணணும். நான் என் வேதத்துல வச்சேன். வாசு சார் அன்னிக்கு ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் கொண்டாந்தாரு. அட்டை இல்ல, மஞ்சக் கறை. அவரு சம்சாரம் சாமி ரூம்ல வச்சுப் பாடினதாம்."

பக்கிரிசாமி எழுந்து போய்த் தாழ்வார ஓரத்தில் நின்றுகொண்டார். மழைச் சாரல் முகத்தில் அடித்தது. அது சௌகரியமாக இருந்தது.

ஆறு மணிக்கு வாசு வந்தார். வழக்கம்போல ஒரு கறிபாப் பலகாரப் பொட்டலம் கையில் இருந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்து அனுப்பினார்கள். கார் கிள்ளான் பாலத்தைத் தாண்டியது. பக்கிரிசாமி ஓரமாக நிறுத்தினார்.

"டேய் வாசு. என்னைய உங்க சபையில சேத்துக்குவியா?"

வாசு கையால் தடவி, டேஷ்போர்டின் மேல் பொட்டலத்தை வைத்தார். "இப்பக் கேக்குறியா?" என்றார். "பதினெட்டு வருசம்டா. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்னிக்குக் கேப்பான், இன்னிக்குக் கேப்பான்னு வருவேன். எறங்கறப்ப கதவப் புடிச்சுக்கிட்டு நிப்பேனே, எதுக்குன்னு நெனச்ச?"

"நீ கூப்புடுவேன்னு நான் உக்காந்திருந்தேன்டா."

இரண்டு கிழவர்களும் காருக்குள் அழுதார்கள். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசு, "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஃபாரம் தர்றேன். ஞானராஜ் கையெழுத்துப் போடுவார். சேந்துடு" என்றார்.

"நீ உள்ள இருக்க மாட்டியேடா."

"நான் இல்லன்னா என்ன?"

"அப்புறம் அங்க எனக்கென்ன வேலை?" என்று பக்கிரிசாமி காரை எடுத்தார். சபையின் ரகசியம் என்னவாக இருந்தால் அவருக்கென்ன? அவருக்கு வேண்டியிருந்தது பழைய பெஞ்சு. பக்கத்தில் வாசு உட்கார்ந்திருக்கிற பெஞ்சு.

புதன்கிழமை விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டு வந்தார். வாசு கொடுத்த ஃபாரத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார்.

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை வந்தது. சாப்பிட்டு எழுந்தவர் சாவியை எடுத்தார். "எங்க போறீங்க? யாரு இருக்கா ஏத்திட்டுப் போக?" என்றாள் இராஜம்மா. அவருக்கே தெரியவில்லை. கார் தானாகக் கிள்ளானுக்குப் போனது. பக்கத்து இருக்கை பாலிஷ் பண்ணி வைத்த மாதிரி காலியாக இருந்தது. இரண்டே காலுக்குக் கெத்தாப்பாங் மரத்தடியில் போய் நின்றார்.

லாட்ஜ் வாசலில் ஞானராஜ் மட்டும் இருந்தார். இவரைப் பார்த்தார். கை அசைக்கவில்லை, வா என்று தலையாட்டவில்லை. நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த நிற்பு இப்போது பக்கிரிசாமிக்குப் புரிந்தது. வாசுவும் இப்படித்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

இறங்கிப் போனார். "அண்ணே, வாசு எங்க உக்காருவான்னு பாக்கலாமா?"

"கேட்டா காட்டலாம்" என்றார் ஞானராஜ். "கூட்டம் இல்லாதப்ப இது வெறும் ஹால்தானே."

உள்ளே ஆடும் இல்லை, தலையும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. மூன்று பக்கமும் பழைய மர நாற்காலிகள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் வெவ்வேறு மதத்து வேதங்கள், ஒன்றை ஒன்று இடிக்காமல். சுவரில் ஓடும் மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது. பதினெட்டு வருஷம் தூக்கத்தைக் கெடுத்த ரகசியம் இவ்வளவுதானா என்று பக்கிரிசாமிக்கு இருந்தது.

"சாருக்கு இருந்த பதவிக்கு அந்த முன் வரிசை நாற்காலி" என்று ஞானராஜ் காட்டினார். "அங்க உக்கார மாட்டேன்னுட்டாரு. இங்கதான்." தெருப் பக்கத்து ஜன்னலை ஒட்டி, மூலையில் ஒரு நாற்காலி.

பக்கிரிசாமி உட்கார்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெள்ளைப் பட்டைத் திரை போட்டிருந்தது.

"ஆரம்பிச்சதும் திரையெல்லாம் எறக்கிடுவோம், வெளிய தெரியக்கூடாதுல்ல" என்றார் ஞானராஜ். "இந்த ஒரு பட்டை மட்டும் எப்பவும் வளைஞ்சே கெடக்கும். எத்தனையோ தடவ நிமுத்தியாச்சு. சார் வெரல வச்சு வச்சு மறுபடி வளைச்சிடுவாரு. கண்ணு மங்கினப்பறமும் வெரல் அங்கதான் இருக்கும்னு உள்ள உக்கார்றவங்க சொல்லுவாங்க."

கண் மட்டத்தில் அந்தப் பட்டை, ஒரு விரல் அகலத்துக்குக் கீழ்நோக்கி மடங்கியிருந்தது. பக்கிரிசாமி குனிந்து அதன் வழியாகப் பார்த்தார். தெரு, மரம், மரத்தடியில் அவருடைய கார். ஸ்டியரிங் வரைக்கும் தெரிந்தது. பதினெட்டு வருஷமாக அவர் உட்கார்ந்திருந்த இடம்.

வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கார்கள் வரும் சத்தம் கேட்டது. சிங் டாக்டரின் சிரிப்பும் கேட்டது. ஞானராஜ் பக்கத்தில் நின்றார். எழுந்திருங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை.

பக்கிரிசாமி வளைந்த பட்டையின்மேல் தன் விரலை வைத்துக்கொண்டு, "அண்ணே, இந்த நாற்காலிக்கு யாராவது இருக்காங்களா?" என்றார்.

"இல்ல தம்பி. கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."